புத்தருக்குச் சொன்ன 'வாறன்'

மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என் பத்து வயது மகள் அவருடைய ஆளாகிவிட்டாள். மச்சாள் என் கணவரின் அக்கா, பிள்ளைக்கு மாமி. பாசம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் மாமியோடு அவள் தமிழில் கதைத்தாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மழை, குளிர் பாராமல் கொண்டுபோய் இறக்குகிறவள் நான். நான் தமிழில் எதைக் கேட்டாலும் எனக்குக் கிடைப்பது ஆங்கிலப் பதில். தப்பித்தவறி வரும் ஒரே தமிழ், காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கதவடியில் சொல்லும் 'போறன்'. வெறும் 'போறன்' கூடாது, அபசகுனம், 'போட்டு வாறன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போயிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பட்டர்சீ பூங்காவுக்குப் போனோம். தேம்ஸ் கரையில் நிற்கும் புத்த கோபுரத்தைப் பார்க்க மச்சாளுக்கு ஆசை. நாலு பக்கமும் பொன் பூசிய புத்தர். எல்லோரும் சப்பாத்தோடு படியேற, மச்சாள் கீழேயே கழற்றி வைத்தார். உடனே மகளும் கழற்றினாள்.

"குளிர் பிடிக்கும், போடு" என்றேன்.

"மாமி போடேல்லையே" என்றாள். தமிழில்.

மேலே போனதும் மச்சாள் பழக்கதோஷத்தில், பிள்ளையார் முன்னால் நிற்பதுபோல, நெற்றியில் குட்டிக் கும்பிட்டார். மகளும் குட்டிக்கொண்டாள். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரில புத்தர் எண்டால் பக்கத்தில ஆமிக்காரன் நிப்பான்" என்றார் மச்சாள். "இஞ்ச பாவம், தனிய ஆத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

படியிறங்கிய மகள் திரும்பிப் புத்தரைப் பார்த்துக் கையசைத்தாள். "போட்டு வாறன்!"

"கேட்டனீரே, எவ்வளவு வடிவாச் சொல்லுறாள்!" மச்சாள் பூரித்துப்போனார். அவரை அப்படியே ஆற்றில் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியது.

ரயிலில் மகள் மாமியின் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

"நீர் ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?" என்று மச்சாள் கேட்டார்.

"ஒண்டுமில்லை. தலையிடி."

மறுநாள் காலை, புத்தகப்பையோடு கதவடியில் நின்று மகள் வழக்கம்போல 'போறன்' என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"புத்தருக்கு 'வாறன்', பெத்தவளுக்குப் 'போறனோ'?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அவர் தனிய இருக்கிறார் அம்மா. நான் திரும்பி வருவனோ எண்டு அவருக்குத் தெரியாது. உங்களிட்ட நான் வருவன்தானே?"

இவ்வளவு நீளமாக அவள் என்னோடு தமிழில் கதைத்ததே இல்லை. குனிந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. அவள் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. அந்தத் 'தானே'யை அவள் இழுத்த இழுப்பு, அச்சொட்டாக மச்சாளுடையது.