சுருக்கிக் கொடுத்த வகுப்புகள்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். அப்போது புனேயில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குப் புள்ளியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். கணவருக்குப் புனே பக்கத்து ரஞ்சன்காவில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து சேர்ந்தோம். என்னுடையது நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் ஜூன் மாதம் கூப்பிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். ஆறேழு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தத் தைரியத்தில் நானும் இருந்தேன்.

எங்கள் வகுப்புகளில் பாதி ஆன்லைனில் நடக்கும். பாட வீடியோ, பிள்ளைகள் அனுப்பும் அசைன்மென்ட் எல்லாம் கல்லூரி பணம் கட்டி வைத்திருந்த ஒரு இணையதளத்தில் ஏறும். அந்த மே மாதம், லீவு விட்ட கையோடு துறைத்தலைவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் போட்டார். தளத்தில் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, அவரவர் பாடத்தை அவரவரே பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய வீடியோக்கள் தானாக அழிந்துவிடும் என்று.

எனக்குப் பகீரென்றது. தொண்டை கட்டக் கட்டப் பேசி எடுத்த வீடியோக்கள் அவை. ஊருக்குப் போக எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரே பி.டி.எஃப். மூன்று இடத்தில் கிடந்தது, அதைத் தூக்கினேன். பிள்ளைகள் நோட்டைப் போட்டோ பிடித்து அனுப்பியதை எல்லாம் சுருக்கினேன். பிறகு வீடியோக்களுக்கு வந்தேன். "கேக்குதா, கேக்குதா" என்று நான் கத்துவது, அட்டெண்டன்ஸ் எடுப்பது, குக்கர் விசில், எவனோ மைக்கை அணைக்காமல் அம்மாவிடம் சண்டை போட்டது, எல்லாவற்றையும் வெட்டினேன். நடுவில் பிள்ளைகள் சந்தேகம் கேட்பதும் நான் சுற்றி வளைத்து விளக்குவதும்தான் நிறைய இடத்தை அடைத்தன. மனசே இல்லாமல் அதையும் வெட்டினேன். ஜூனில் நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ஏங்கண்ணு, அவனவன் லீவுக்கு ஊருக்குப் போய்ட்டான். உனக்கு மட்டும் என்ன தலையெழுத்து? உடு, அழிஞ்சா அழியட்டும்" என்பார் கணவர்.

"உங்களுக்கென்னங்க தெரியும், அது என் பாடம்" என்று வள்ளென்று விழுவேன்.

கணக்குப்பதிவியல் எடுக்கும் மராத்தி சாருக்கு போன் செய்து, நீங்கள் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்தார். மனிதர் ஒரு ஃபைலைக்கூடத் தொடவில்லை. அவர் வீடியோக்களில் பாதி நேரம் சீலிங் ஃபேன்தான் தெரியும். இவரும் ஒரு வாத்தியாரா என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டினேன்.

லீவு முடிவதற்குள் என் பாடம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தலைப்பு போட்டு, வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பயிற்சியும் வைத்தேன். துறைத்தலைவர் குழுவில் என்னைப் பாராட்டி, எல்லோரும் மேடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூனில் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போடத்தான் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். துறைத்தலைவர் எழுந்து நின்று, "மேடம், கமால் கர் தியா ஆப்னே!" என்றார். அசத்திவிட்டேனாம். டீ வரவழைத்தார். பிறகு அதே சிரிப்போடு சொன்னார்: பாடம் இவ்வளவு முழுமையாக இருப்பதால் இந்த வருடம் பிள்ளைகள் வீடியோ பார்த்துத் தாங்களே படித்துக்கொள்வார்கள், தேர்வை மட்டும் வேறொருவர் நடத்துவார், தேவைப்பட்டால் என்னை அழைப்பார்கள்.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார்கள் என்றேன். தளத்திலேயே கேள்வி போட வசதி இருக்கிறதே என்றார். அப்படியென்றால் என் வீடியோக்களை எடுத்துவிடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே மேடம், அதெல்லாம் கல்லூரியுடையது என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் டிவியை அணைத்தார். பிறகு மெதுவாக, "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டயே கண்ணு" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

அந்த மராத்தி சார் என்ன ஆனார் என்கிறீர்களா? ஜம்மென்று வேலையில் இருக்கிறார். அழிந்துவிடும் என்று பயமுறுத்தினார்களே, ஒன்றும் அழியவில்லை. கல்லூரி கூடுதல் ஸ்டோரேஜ் வாங்கிவிட்டது. அவர் வீடியோவைப் பார்த்து ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் விளங்காது, அதனால் அவர் இல்லாமல் முடியாது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சில மாதம் கழித்து புனேயின் கேம்ப் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நான் போனில் பேசிய தமிழைக் கேட்டு ஒரு அம்மாவும் பெண்ணும் கிட்டே வந்தார்கள். "மேம், ஸ்டாட்ஸ் வீடியோல வர்றது நீங்கதானே?" என்றாள் பெண். அதே கல்லூரி, புதிதாகச் சேர்ந்தவள். ஆமாம் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நான் த்ரீ டைம்ஸ் டவுட் போட்டேன் மேம். உங்க நேம்தான் இருக்கு, நீங்க ரிப்ளையே பண்ணலே. எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஏய், அப்படியாடி கேப்பாங்க? அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று அம்மா அதட்டினார்.

நான் வெளியே வந்த அன்றே தளத்தில் என் லாகினை மூடிவிட்டார்கள். கேள்விகள் எனக்கு வந்து சேரவே இல்லை. சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முன்பின் தெரியாத அந்த அம்மாவின் எதிரில், என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. "ஆமாங்க, கொஞ்சம் வேலை அதிகம்" என்று இளித்தேன்.

சந்தேகம் என்ன என்று கேட்டேன். சாம்பிளை வைத்து மாறுபாட்டைக் கணக்குப் போடும்போது எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம் என்றாள். வருடா வருடம் யாராவது கேட்பதுதான். கடைக்காரர் முறைக்க முறைக்க, பில்லின் பின்பக்கம் எழுதி விளக்கினேன். டக்கென்று புரிந்துகொண்டாள்.

"இவ்ளோ ஈஸியா? இதை வீடியோலயே சொல்லியிருக்கலாமே மேம்" என்றாள்.

சொல்லித்தான் இருந்தேன், லீவில் வெட்டியதில் அதுவும் போய்விட்டது. அவள் தோளைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். வேலை போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். கேட்டதற்குப் பதில் சொல்லாத திமிர் பிடித்த டீச்சர் என்று, முகம் தெரியாத பிள்ளைகள் இன்னமும் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்களே, அதை நினைத்தால்தான் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.