வயிறு நீவியவர்

செம்பவாங் நேவல் பேஸில் வேலை பார்த்த நாட்களில் எனக்குத் தீராத மலச்சிக்கல். வாரந்தோறும் சிராங்கூன் ரோட்டில் வயிறு நீவிவிடும் ஒருவரிடம் போவேன். ஒடிசலான மனிதர். விளக்கெண்ணெய் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் நீவுவார். மறுநாளே வயிறு இளகிவிடும்.

ஒருநாள் அவர் விரல்கள் இடப்பக்க அடிவயிற்றில் நின்றுவிட்டன.

"இனிமே நான் தொடமாட்டேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மலம் இறுகியிருக்கும் லா, நீவிவிடுங்க," என்றேன்.

"என் சம்சாரத்துக்கும் அப்படித்தான் நெனச்சேன். ஆறு மாசம் நீவினேன். போய்ட்டா."

ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்தெடுத்தார்கள், பிழைத்துக்கொண்டேன். நன்றி சொல்லப் போனபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த எடத்துல நான் நீவினப்போ வலிச்சுதா?"

உயிர்போக வலித்திருந்தது. "இல்லை," என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.