கோழித் தீவனத்தில் சுட்ட டாக்கோ

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதம். கல்வராயன் மலை அடிவாரத்தில், சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வரவேண்டிய எங்கள் ஊரில் நடந்தது இது. அறுவடை முடிந்து, மக்காச்சோளத்தைத் தார் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப் போட்டிருந்தேன். பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஓரம்கட்டிப் போவார்கள். நானும் சும்மா விடாமல் பதிலுக்குத் திட்டுவேன். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் வேலை பார்க்கும் என் ஒரே மகளை மருமகன் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். மூன்றாவது மாதம். சந்தோஷமான சேதிதான். ஆனால் காரிலிருந்து இறங்கிய மகளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இரண்டு வாயாக வெளியே வந்தது.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு வாரம் பார்ப்போம், இன்னும் எடை இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார். எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், பயணம் மட்டும் வேண்டாம் என்றும் சொன்னார்.

என் மனைவி செய்யாதது இல்லை. மிளகு ரசம், புளிச்சோறு, கேழ்வரகுக் கூழ், நாரத்தங்காய் ஊறுகாய். தாளிக்கிற வாசனை வந்தாலே மகள் கொல்லைப்புறம் ஓடினாள். மூன்றாம் நாள் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, "யம்மா, எனக்கு டாக்கோ வேணும்மா" என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மெக்சிகோ நாட்டுச் சாப்பாடாம். மக்காச்சோள ரொட்டியைச் சுட்டு, அதில் பயறோ கறியோ வைத்து, மேலே தக்காளிச் சட்டினி போட்டு மடித்துத் தின்பார்களாம். ஆபீஸ் பக்கத்துக் கடையில் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பிடுவாளாம். "இப்ப எல்லா ஊர்லயும் கிடைக்குதுப்பா. துபாய், லண்டன், ஜப்பான்ல கூட கடை வச்சிருக்காங்க" என்றாள்.

"எல்லா ஊர்லயும் கிடைக்குதுன்னா, நம்ம ஊரு இன்னா ஊரே இல்லியா?" என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி வேறு, உண்டானவள் ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று ஆரம்பித்துவிட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் நிஜமாகவே டாக்கோ என்று போர்டு இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டில் வந்து பொட்டலத்தைப் பிரித்தால், எண்ணெயில் பொரித்த மைதா அப்பளம் மாதிரி ஒன்று, உள்ளே முட்டைக்கோஸ், அதன் மேல் அரைக் கிலோ மயோனைஸ். வாசனை பட்டதும் மகள் எழுந்து ஓடினாள். அடுத்த நாள் மருமகன் சென்னையிலிருந்து ரொட்டிப் பாக்கெட்டை பார்சலில் அனுப்பினார். அதுவும் மைதா, அதிலும் ஏதோ மருந்து வாடை.

"எனக்கு மக்காச்சோள வாசன வேணும்பா. கல்லுலேர்ந்து எடுத்த உடனே ஒரு வாசன வரும் பாரு, அது" என்று அழுதாள்.

வெளியே ரோட்டில் என்னுடைய மக்காச்சோளம் மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது. இளங்கதிரைச் சுட்டுத் தின்போமே தவிர, முற்றிய மணியை நாங்கள் யாரும் வாயில் வைத்தது கிடையாது. அது கோழித் தீவனத்துக்கு லாரி ஏறுகிற சரக்கு. "அதைப் போயி மனுஷன் திம்பானா?" என்றேன். மகள் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மெக்சிகோக்காரப் பெண் ஒருத்தி அடுப்படியில் குந்திக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சு அசல் எங்கள் ஊர்க்காரி மாதிரி இருந்தாள். நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்கு இது என்றாள் மகள். மிளகாயும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து வந்ததுதான் என்று சேர்த்துச் சொன்னாள்.

"யாராண்ட கத உடற? மிளகா நம்மளுது!" என்று நான் கத்தினேன். மகள் சிரித்துவிட்டாள். வந்து இறங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகவே நானே டாக்கோ சுடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் ஒரு படி மக்காச்சோளத்தை மாவு மில்லுக்கு எடுத்துப் போனேன். மில்காரன் எனக்குத் தூரத்து உறவு, மருமகன் முறை. "இன்னா மாமா, கோழிக்கு ரொட்டி சுட்டுப் போடப் போறியா?" என்று அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கும்படி கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வந்தேன். மாவைப் பிசைந்து தட்டினால், தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி வெடித்தது. கல்லில் போட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. மகள் ஒரு துணுக்கை வாயில் வைத்து, தவிடு மாதிரி இருக்கிறது என்று துப்பிவிட்டாள்.

பிறகு படுத்தபடியே போனில் தேடிப் படித்தாள். வெறும் மணியை அரைத்தால் ரொட்டி வராதாம். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்தால்தான் தோல் கழன்று மாவு ஒட்டுமாம். இவ்வளவுதானா என்று எழுந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு ஒரு வாளியில் மிச்சம் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. ஒரு கை அள்ளிப் போட்டு, தோட்டத்து அடுப்பில் ஏற்றிவிட்டேன்.

அரை மணி கழித்துத் திறந்து பார்த்தால் மக்காச்சோளம் நீலமாக இருந்தது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில், சுவர் பளிச்சென்று தெரிய நாங்கள் சொட்டு நீலம் கலப்போம். அது என் புத்திக்கு எட்டவே இல்லை. என் மனைவி வந்து பார்த்தாள். "யோவ், புள்ளத்தாச்சிக்குப் பெயிண்டு அடிக்கறியா நீ?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரை எட்டிப் பார்த்தார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை யோவ் என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு என் அவசரத்தால் மகளுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதைக் கோழிக்குக்கூடப் போட முடியாது. தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் விவசாயம் செய்யும் என் சிநேகிதர் வந்தார். வருடா வருடம் மாசியில் பச்சை மொச்சை ஒரு பை கொண்டுவந்து கொடுப்பார். "இன்னாண்ணா, எதுனா செத்துப் போச்சா?" என்று கேட்டார். என் மானம்தான் என்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கிளம்பவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கூடவே இருந்துவிட்டார்.

இந்தத் தடவை பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். வெற்றிலைக்குப் போடுகிற நல்ல சுண்ணாம்பு, அதுவும் கொஞ்சமாக, நன்றாகக் கழுவிவிட்டால் பயமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். சுண்ணாம்பைக் கரைத்து வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்து ஊற்றினாள். வெந்ததை மூடி வைத்து மறுநாள் காலையில் திறந்தோம். கையால் கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாள். கிரைண்டரில் போட்டால் தோசை மாவாகிவிடும் என்று, சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி என்னை உட்கார வைத்தாள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டியதில் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் மாவு ஒட்டியது. உருட்டினால் உருண்டையாக நின்றது.

அடுத்த சிக்கல் தட்டுவது. கையால் தட்டினால் ஓரம் கிழிந்தது. அதற்கென்று மெக்சிகோவில் ஒரு அழுத்துகிற கருவி இருக்கிறதாம். மலைக்காரச் சிநேகிதர் ஒரு நிமிடம் யோசித்தார். பால் கவர் இரண்டைக் கத்தரித்து, நடுவில் உருண்டையை வைத்து, மேலே உட்காருகிற மணையைக் கவிழ்த்தார்.

"இப்ப மேல நீ குந்துண்ணா" என்றார்.

குந்தினேன். எழுந்து பார்த்தால் வட்டமாக, சந்திரன் மாதிரி ஒரு ரொட்டி. தோசைக்கல்லில் போட்டுத் திருப்பியதும் புஸ்ஸென்று உப்பியது. அந்த வாசனை எழுந்தது. இருபத்தைந்து வருடம் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். அப்படி ஒரு வாசனை அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது. "உப்பிக்கிச்சு! உப்பிக்கிச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் மகளே எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

முதல் ரொட்டியை நானும் சிநேகிதரும் ஆளுக்குப் பாதி தின்று பார்த்தோம். நீல விவகாரத்துக்குப் பிறகு மனைவி போட்ட கட்டளை அது. இரண்டாவதை மகள் உப்பு மட்டும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மனைவி கையில் சொம்போடு தயாராக நின்றாள். அரை மணி ஆயிற்று. சொம்புக்கு வேலையே வரவில்லை.

"யம்மா, இன்னொண்ணு குடும்மா. மொச்ச வச்சிக் குடு" என்றாள் மகள்.

வேகவைத்த மொச்சை, சுட்ட தக்காளியில் பச்சைமிளகாயும் வெங்காயமும் கொத்தமல்லியும் நசுக்கிப் போட்ட சட்டினி, ஒரு பிழி எலுமிச்சம்பழம். மூன்று தின்றாள். என் மனைவி அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா?" என்று கத்தினார். "எங்கப்பன் வூட்டுது இல்லீங்க. மன்னிச்சிக்குங்க, பொறுமையா போங்க" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வேளையும் டாக்கோதான். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தார். ஏறியிருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க காட்டு மக்காச்சோளங்க" என்றேன். பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சே அதன் பிறகு வரவில்லை.

ஆனியில், ஏழாம் மாதம், ரிஷிவந்தியத்தில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. எங்கள் வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு கொண்டுபோக வேண்டும். எட்டாவதாக ஒரு தூக்கு நிறைய ரொட்டியை நான் கட்டிக்கொண்டேன். சம்பந்தி வீட்டில் கோழித் தீவனம் என்று கேலி பேசுவார்கள் என்று மனைவி வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தாள். போய் இறங்கியதும் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள், இது இன்னாது என்று எட்டிப் பார்த்தார்கள். என் மகள் கை நிறைய வளையலோடு எழுந்து வந்து, முதல் ரொட்டியை மடித்துத் தன் மாமியாருக்குக் கொடுத்தாள். அந்த அம்மா தின்றார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார். அவ்வளவுதான், கூட்டம் மொய்த்துவிட்டது. எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் மிஞ்சின. ரொட்டித் தூக்கு கவிழ்த்து வைக்கப்பட்டது.

கடைசியாக வந்தவன் எங்கள் ஊர் மில்காரன். "மாமா, எனக்கு ஒண்ணுகூட வைக்கலியா?" என்றான். "கோழிக்கே பத்தலடா மருமவனே" என்றேன். அன்றைக்கு இறங்கிய வெயிலில் என்னைவிடச் சந்தோஷமான மனுஷன் ரிஷிவந்தியத்தில் யாரும் இருந்திருக்க மாட்டான்.

பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது. காதில் சீழும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறுவதில்லை. ஊருக்கு வந்தால், நான் மணைமேல் குந்தும்போது என் மடியில் அவனும் குந்திக்கொண்டு அழுத்துகிறான். இப்போதெல்லாம் லாரியில் சரக்கு ஏற்றும்போது ஒரு மூட்டையை வீட்டுக்கென்று இறக்கி வைத்துவிடுகிறேன். எங்கேயோ கிடக்கிற ஜப்பான்காரனுக்கெல்லாம் தெரிந்த ருசி, அதை இருபத்தைந்து வருடம் விளைய வைத்த எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அதையும் பசியால் துவண்டு கிடந்த என் மகள்தான் கேட்டு வாங்கித் தந்தாள்.