அம்மாவின் சொட்டு மருந்தும் என் இமைமுடியும்

போன வருடம் என் அண்ணன் மகன் கல்யாணத்துக்காகத் தி.நகரில் ஒரு பார்லரில் இமைமுடி ஒட்டிக்கொண்டேன். எனக்கு வயது நாற்பத்தேழு. மாப்பிள்ளைக்கு அத்தை என்பதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. என்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒட்டிக்கொண்டேன். பார்லர் பெண் ஒவ்வொரு முடியின் மேலும் ஒரு செயற்கை முடியாகப் பசை தொட்டு ஒன்றரை மணி நேரம் ஒட்டினாள். மூன்று வாரம் நிற்கும் என்றாள். மூன்றாம் நாளே இமை தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. பொறுமை என் குணங்களில் ஒன்று அல்ல. கசக்கினேன், பிய்த்தேன். ஒட்டியது வந்தது, கூடவே என்னுடையதும் வந்தது. ஒரு வாரத்தில் இரண்டு கண்ணிலும் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் முடி மிச்சமிருந்தது.

இமைமுடி என்ன வேலை செய்கிறது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெருவில் உள்ள தூசி எல்லாம் கண்ணுக்குள் வரும். தலைக்குக் குளித்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். எதிரில் வருகிறவர்கள் என் முகத்தில் ஏதோ குறைகிறது என்று தேடுவார்கள், எது என்று பிடிபடாமல் போய்விடுவார்கள். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கும் அக்கா ஒருத்திதான் பார்த்தவுடனே கண்டுபிடித்தாள்.

"இன்னா மேடம், கண்ணு மொட்டையா கீது? இந்தா, என் கூடையில கெடக்குற மீனுங்கூட அப்டித்தான் முழிச்சிக்கினு கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அரைக் கிலோ சங்கரா வாங்கிவந்தேன். வீட்டில் கழுவும்போது அந்த மீனின் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த குடும்பங்கள் தெருவாரியாக அன்பியம் என்று சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, காபி குடித்துக் கலைவோம். அந்த மாதக் கூட்டத்தின் முடிவில் அன்பியத் தலைவி, "நம்ம நடுவுல வெளிய சொல்ல முடியாத வியாதியில இருக்கிற ஒரு சகோதரிக்காக" என்று ஜெபமாலையில் கூடுதலாகப் பத்து மணி உருட்டிச் சொல்ல வைத்தார். யாரோ பாவம் என்று நானும் உருக்கமாகவே சொன்னேன். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடித்து அழுத்தியபோதுதான் அந்தச் சகோதரி நான் என்று விளங்கியது. புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது, அதனால்தான் முடி கொட்டுகிறது என்று முடிவு கட்டியிருந்தார்கள். தலைமுடி அப்படியே இருந்ததை விக் என்று வைத்துக்கொண்டார்களாம். பார்லர் பசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாதிக்கு இருக்கிற மரியாதை பசைக்கு இல்லை.

அடையாறில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, வேர் சாகவில்லை, மூன்று நான்கு மாதத்தில் தானாக வரும் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் காலையும் மாலையும் இமையோரத்தைத் துடைக்க வேண்டும். கசக்கக் கூடாது. வளரும்வரை மை, மஸ்காரா எதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய் தடவச் சொல்லி ஆளாளுக்கு வருவார்கள், அதுவும் வேண்டாம். அவ்வளவுதான், மருந்து எதுவும் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சும்மா இருக்கச் சொல்லவா இவ்வளவு பெரிய படிப்பு என்று ஆட்டோவில் வரும்போது நினைத்தேன்.

மருந்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அது அம்மாவுடையது.

அம்மாவுக்கு எழுபத்தாறு. முப்பத்தைந்து வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். இன்றைக்கும் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் டீச்சர் என்றால்தான் தெரியும். வீட்டில் அவளும் நானும் மட்டும். அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய், க்ளாக்கோமா. அழுத்தத்தைக் குறைக்க இரண்டு கண்ணிலும் தினம் ஒரு சொட்டு விட வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அம்மா இதற்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. பத்துத் தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வாள். சாயங்காலம் அவள் அறையிலிருந்து அந்த முணுமுணுப்பு கேட்டால் மருந்து விட்டாயிற்று என்று எனக்குத் தெரியும்.

அந்த மருந்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு. இமைமுடியை நீளமாகவும் கறுப்பாகவும் வளர்த்துவிடும். அம்மாவின் இமைமுடி மூக்குக்கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கண்ணாடி மங்குகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பாள். கோடம்பாக்கத்து நடிகைக்குக்கூட இப்படி அமையாது, எழுபத்தாறு வயதுக்கு எதற்கு என்று நான் கேலி செய்வேன்.

அம்மா கோவிலில் காலைத் திருப்பலிப் பூசைக்குப் போனதும் ஃப்ரிட்ஜைத் திறப்பேன். ஒரு ஸ்பூனில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மெல்லிய பிரஷால் தொட்டு இமையோரம் தடவிக்கொள்வேன். யாரையும் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. திருட்டு என்ற சொல் தோன்றவே இல்லை. வீட்டுச் சர்க்கரையில் ஒரு ஸ்பூன் எடுப்பதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லையே. இரண்டு மாதத்தில் முடி வந்தது. மருந்தால் வந்ததா, டாக்டர் சொன்னபடி தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. நான் தடவுவதை நிறுத்தவில்லை.

அம்மாவின் மருந்து பாட்டில் ஒரு மாதத்துக்கு வரும். மாத்திரைகளோடு சேர்த்து ஒன்றாம் தேதி மெடிக்கல் ஷாப் பையன் கொண்டுவந்து கொடுப்பான். நான் எடுக்க ஆரம்பித்த மாதம் இருபதாம் தேதியே பாட்டில் காலி. அம்மா போன் செய்து இன்னொன்று கேட்டாள். பாட்டிலோடு கடைக்காரரே வந்தார். பழகியவர், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா டீச்சர், அதுக்குள்ள காலியா? கண்ணுல ஊத்துறீங்களா, கன்னத்துல ஊத்துறீங்களா? கை நடுங்குதோ?"

அம்மாவும் சிரித்தாள். கதவருகே நின்ற நானும் சிரித்தேன். அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டதை அப்போதே பார்த்தேன். பார்த்ததை ஏனோ ஒரு பக்கம் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா மாத நடுவில் மருந்து கேட்டதே இல்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தாள். வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுப்பது எப்போதும் அவள் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டாள். "நீயே ஊத்திக் குடுடி, எனக்கு அலுப்பா இருக்கு" என்று ஜக்கை என்னிடம் தள்ளினாள். வயதாகிறது என்று நினைத்தேன். சாயங்கால முணுமுணுப்பு மட்டும் ஒரு நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மாதம் கழித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு வழக்கமான சோதனைக்குப் போனோம். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அம்மா பட்டனை அழுத்த வேண்டும். முடிவு ஒரு தாளில் வரும், பார்வை குறைந்த இடம் அதில் நிழலாகத் தெரியும். போன முறையே இடப்பக்கம் லேசான நிழல் இருந்தது. இந்த முறை அது கறுத்து விரிந்திருந்தது. அழுத்தமும் ஏறியிருந்தது.

"மருந்து தினம் விடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதுப் பெண்.

"தினமும் விடறேனே" என்றாள் அம்மா. அப்புறம் மடியைப் பார்த்துக்கொண்டு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றாள். "கை நடுங்குது டாக்டர். பாதி மருந்து கன்னத்துல போயிடுது. இருபது நாள்லயே தீர்ந்துடுது. திரும்பத் திரும்பக் கேட்டா இவளுக்குத் தெரிஞ்சிடும். அடுப்புப் பக்கம் விடமாட்டா, வெளிய தனியா அனுப்பமாட்டா. அதான் மாசம் முழுக்க வர்ற மாதிரி விட்டுக்கறேன்."

மருந்து விடாத நாளிலும் எனக்குக் கேட்பதற்காகப் பத்து ஜெபம் சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் கையை நீட்டச் சொன்னார். அம்மா நீட்டினாள். விரல் ஐந்தும் அசையாமல் நின்றன. சும்மா ஒரு சொட்டு மருந்து பாட்டிலைக் கொடுத்துக் கண்ணில் விடச் சொன்னார். அண்ணாந்து ஒரே சொட்டு விட்டாள், நேராகக் கண்ணில் விழுந்தது.

"நடுங்கலையேம்மா."

"இங்க நடுங்கல. வீட்டுலதான் நடுங்குது போலிருக்கு" என்றாள் அம்மா, ரொம்ப நேர்மையாக.

போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். இந்த ஆறு மாதத்தில் போனது எவ்வளவு, நோய் தானாகவே எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கும் அம்மா மாதிரியே நல்ல லேஷஸ்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அடையாறு பாலத்துக்கு முன்னால் சிக்னலில் ஆட்டோ நின்றது. அங்கே சொன்னேன். பிரஷ், ஸ்பூன், அவள் பூசைக்குப் போகும் நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் விழுந்து, ஆட்டோ பாலத்தைத் தாண்டியது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மாதம் அன்பியம் எங்கள் வீட்டில் கூடியது. என் இமைமுடி வளர்ந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று நன்றி ஜெபமாலை ஏற்பாடு செய்திருந்தார் தலைவி. "பாருங்க, எப்படி அடர்த்தியா குடுத்திருக்காரு ஆண்டவரு" என்று என் முகவாயைத் தொட்டுத் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினார். நான் காபி எடுத்துவரத் திரும்பினேன். அம்மா எனக்கு முன்னால் சமையலறைக்குப் போய்விட்டாள்.

காபி ஜக்கோடு வந்தாள். ஆறு டம்ளர் வைத்த தட்டு மேஜையில் இருந்தது. பழையபடி கையை உயர்த்தி, நூல் பிடித்த மாதிரி ஊற்றினாள். வலப்பக்கத்திலிருந்து ஐந்து டம்ளர் நிறைந்தன, ஒரு துளி சிந்தவில்லை. ஆறாவது இடது ஓரத்தில் இருந்தது. காபி டம்ளருக்கு வெளியே தட்டில் விழுந்து, மேஜையில் ஓடி, அவள் புடவையில் சொட்டியது. ஊற்றிக்கொண்டே இருந்தாள். சூடு பட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

"ஐயோ டீச்சர், கை நடுங்குதா?" என்று தலைவி எழுந்து ஓடிவந்தார்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். நான் அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். கழுத்தை முழுக்கத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா, வயசாச்சு இல்ல. கொஞ்ச நாளா நடுங்குது" என்றாள்.

தலைவி ஜக்கை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். நான் துணி எடுத்துவந்து மேஜையைத் துடைத்தேன்.