பின்பக்கம் காலியாக இருந்த ஒரு பவுண்டு நோட்டு

ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் சின்னச் சின்ன ஊர் வங்கிகள்கூட சொந்தமாக நோட்டு அடித்து வெளியிட்டன. அந்தப் பழைய நோட்டுகளைத்தான் அமெரிக்காவில், பார்சிப்பனியில் உட்கார்ந்துகொண்டு நான் சேகரிக்கிறேன். அவற்றில் பல ஒரு பக்கம் மட்டுமே அச்சானவை. பின்பக்கம் வெறும் தாள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமனாருக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை மதியம், இருநூறு வருஷப் பழைய ஒரு பவுண்டு நோட்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் மளிகை லிஸ்ட் எழுதி, இந்தியன் ஸ்டோருக்கு நடந்தே போய்விட்டார்.

அவர் திரும்பியபோது நான் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"அந்தத் துண்டுச் சீட்டுங்களா? ஒரு பக்கம் சும்மாதானுங்களே கெடந்துச்சு மாப்பிள்ளை! கறிவேப்பில நாளைக்குத்தான் வருமாமுங்க. சீட்டைக் கடைக்காரருகிட்டயே குடுத்துட்டு வந்துட்டனுங்க."

கடைக்கு ஓடினேன். கல்லாவுக்குப் பின்னால், லாட்டரி விளம்பரத்துக்குப் பக்கத்தில், என் நோட்டு குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கறிவேப்பிலை வரட்டும் சார், அப்புறம் தரேன். இல்லன்னா மறந்துடுவேன்" என்றார் கடைக்காரர். அதன் பின்பக்கத்தை வேறொரு தாளில் முழுசாக நகலெடுத்துக் கொடுத்த பிறகுதான் நோட்டு கைக்கு வந்தது.

அடுத்த வாரம், ஒரு மணி நேரத் தொலைவிலிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் நோட்டு சேகரிப்பாளர்கள் கூடினோம். துக்கம் விசாரிக்க வருபவர் போல மாமனாரும் உடன் வந்தார். எங்களில் மூத்தவரான ஓர் அமெரிக்கர் நோட்டைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பது என்ன என்று கேட்டார். வாசித்து மொழிபெயர்த்தேன். துவரம்பருப்பு இரண்டு பாக்கெட், பெருங்காயம், கறிவேப்பிலை. யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்காட்லாந்து நோட்டு உண்மையிலேயே சாமான் வாங்கப் போனதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார் அவர். பிறகு தன் ஆல்பத்திலிருந்து பின்பக்கம் காலியான ஒரு நோட்டை உருவி மாமனாரிடம் நீட்டினார். நான் பதறித் தடுத்தேன். அமெரிக்கர் என் கையை மெல்ல விலக்கினார்.

மாமனார் பேனாவைத் திறந்தார். "அவருக்கு என்ன வேணும்னு கேளுங்க மாப்பிள்ளை."

கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, பால், முட்டை, பூனைக்குத் தீனி என்றார்.

மாமனார் தமிழில், குண்டு குண்டான எழுத்தில், மூன்றையும் எழுதிக் கொடுத்தார்.