குளியலறையில் ஐந்து விளக்கு

என் அக்காவிடம் இரண்டு 'நான்' உண்டு. ஒன்று அவளுடைய சொந்த நான். அது வீட்டில் அதிகம் கேட்காது. இன்னொன்று காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டதும் ஆரம்பித்து மாலை நான்கு வரை ஓயாது.

காது கேளாதவர்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. பல் டாக்டரிடம் நேரம் கேட்க வேண்டும், மின்சார அலுவலகத்தோடு சண்டை போட வேண்டும் என்றால் அவர்கள் கணினித் திரையில் அக்காவைக் கூப்பிடுவார்கள். அவர்கள் கையால் பேசுவதை அக்கா போனில் வாயால் சொல்வாள். எதிர்முனை வாயால் சொல்வதைத் திரையில் கையால் காட்டுவாள். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது, "நான்" என்றே சொல்ல வேண்டும் என்பது தொழில் விதி. கேளாதோர் பள்ளி ஒன்றில் பதினான்கு வருடம் எழுத்தராக இருந்தபோது, சாப்பாட்டு இடைவேளைகளில் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்ட மொழி அது.

யாருடைய பேச்சு என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி. அக்கா சொல்ல மாட்டாள். ஆனால் எங்கள் வீட்டுக் கதவுக்கு அந்த விதி தெரியாது. ஒரு நாள் உள்ளேயிருந்து, "ஆமா டாக்டர், எனக்கு இது மூணாவது மாசம்" என்று அவள் குரல் கேட்டது. அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. கூடத்தில் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த மாமாவின் கையிலிருந்து திருப்புளி நழுவி என் காலில் விழுந்தது. அன்று நான்கு மணிக்குக் கதவு திறந்தபோது மனிதர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நின்றார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் கழற்றுவார். மாட்டுவதற்குத்தான் நாள் பார்ப்பார். நான் அதே வீட்டு மாடியில் இருக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவன் தப்புக்கு பிரேக் போட்டே பாதி ஆயுள் போய்விட்டது. என்னிடம் பொறுமையை எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. இணையம் வரும் செப்புக் கம்பிக்கும் அதுதான் கடைசி வீடு. முந்தைய வீடுகளெல்லாம் குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. அக்காவின் திரையில் படம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வாயால் பேசுகிறவர்களுக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. கையால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் வாயைப் பொத்தியது மாதிரி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தமிழில் 'வேண்டும்' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அவர்கள் மொழியிலும் அப்படித்தான். உள்ளங்கை மேலே பார்க்க நெஞ்சுக்கு நேரே கையை உயர்த்தினால் வேண்டும். உயர்த்திய கையை அப்படியே கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் வேண்டாம். கை உயர்ந்த பிறகு, திரும்புவதற்கு முன்னால் படம் நின்றுபோனால்?

"நின்னா என்ன? இத்தனை வருஷமா பார்க்கறேன். அடுத்து என்ன சொல்ல வராங்கன்னு எனக்கே தெரிஞ்சிடும்" என்பாள் அக்கா. உண்மையிலேயே பெரும்பாலும் தெரிந்தது. நின்ற கையை அவளே மனத்தில் முடித்துக்கொள்வாள், பேச்சு தடைபடாமல் போகும். அலுவலகத்தில் அவளுடைய அழைப்புகள்தான் சீக்கிரம் முடிந்தன. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒரு தையல்காரர் மரச்சாமான் கடைக்குப் பேசினார். இரண்டாவது கட்டில் வேண்டாம் என்று கையைத் திருப்பினார். திருப்பியது எங்கள் வீடு வரை வந்து சேரவில்லை. அக்கா, "அதுவும் வேணும், அனுப்பிடுங்க" என்றாள். ஒற்றை அறை வீட்டில் இரண்டு கட்டிலைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்க முடியாமல், ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போய் அந்த மனிதர் புகார் கொடுத்தார்.

அலுவலகத்து மேற்பார்வை அம்மா அக்காவைத் திரையில் கூப்பிட்டார். "உங்க கையில குறை இல்லம்மா, உங்க லைன்லதான் குறை. பத்து நாள் தரேன். பதினோராவது நாள் காலைல பத்து மணிக்கு உங்க அழைப்பு ஒண்ணை நானே கூட இருந்து பார்ப்பேன். அரை மணி நேரத்துல படம் ஒரு தடவை நின்னாலும் வேலை இல்லை."

அன்று அக்கா சாப்பிடவில்லை. "இந்த வேலை போச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். அவளுடைய சொந்த நானை நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தோம். புதுக் கம்பி போட இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். அதுவரை ஒரு துணைப் பெட்டி தருகிறோம் என்றார்கள். செல்போன் டவரிலிருந்து இணையத்தை இழுத்துக் கம்பியில் வருவதோடு சேர்த்துவிடும் ரிசீவர். கம்பி திணறும்போது மீதி காற்று வழியாக வரும். மறுநாளே ஓர் ஆள் கொண்டுவந்து தந்தார். ரொட்டித் துண்டு அளவுக்கு வெள்ளைப் பெட்டி, நெற்றியில் ஐந்து பச்சை விளக்கு.

"எங்க அஞ்சும் எரியுதோ அங்க வைங்க. ஜன்னலோரமா, டவரைப் பார்த்த மாதிரி. வெச்ச அப்புறம் முன்னாடி யாரும் நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பப் பார்த்தார்.

"நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன். இருபது மாடிக்கு லிஃப்ட் ஏத்தினவன் நான். உசரத்துல வெச்சா எதுவும் வேலை செய்யும்" என்றார் மாமா.

அடுத்த இரண்டு நாள் அந்தப் பெட்டி பார்க்காத இடமில்லை. அலமாரி உச்சி, என் மாடி அறை, தண்ணீர்த் தொட்டியின் தலை. தூரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஓர் உயரமான கம்பம் தெரிந்தது. மாமா பெட்டியை அதற்கு நேராகத் திருப்பி, இம்மி பிசகாமல் இருக்க நூல் பிடித்து, கம்பி போட்டுக் கட்டினார். இரண்டு விளக்கு எரிந்தது. "பழகட்டும், நாளைக்கு அஞ்சும் எரியும்" என்றார். மூன்றாம் நாள் அந்த ஆளே திரும்பி வந்து பார்த்துவிட்டு, "சார், அது தீயணைப்பு நிலையத்துக் கம்பம்" என்றார். மாமா கம்பியை அவிழ்த்தார். அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. நான் மட்டும் அவ்வப்போது, "மாமா, எங்கயாவது தீப்பிடிச்சா முதல்ல நமக்குத்தான் தெரியும்" என்றேன்.

கடைசியில் பெட்டியே தன் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. அக்கா கை கழுவப் போகும்போது பெட்டியைக் குளியலறை ஜன்னலில் சும்மா வைத்தாள். ஐந்து விளக்கும் எரிந்தன. வெளியே எடுத்தோம், இரண்டானது. உள்ளே வைத்தோம், ஐந்து. வீட்டில் இருப்பது ஒரே குளியலறை.

அக்காவின் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஆனால் ஜன்னலுக்கு முன்னால் ஓர் உடம்பு வந்தால் விளக்குகள் அணைந்தன. என் உடம்புக்கு இரண்டு. மாமாவின் உடம்புக்கு நான்கு. ஆகவே சட்டம் போட்டோம். ஒன்பதிலிருந்து நான்கு வரை குளியலறைக்குப் போகிறவர்கள் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்தே போய்க் குனிந்தே வர வேண்டும். பல் தேய்ப்பது உட்கார்ந்து. படம் நின்றால் அக்கா மேசையை ஒரு தட்டு தட்டுவாள். நடைவழியில் இருப்பவர், "உள்ள யாரு, குனி!" என்று கத்த வேண்டும். எங்களுக்கு வந்த விருந்தாளிகள் சீக்கிரம் விடைபெற்றுக்கொண்டார்கள்.

பதினோராவது நாள் காலை. ஒன்பது மணிக்கெல்லாம் எல்லோரும் குளியலறை வேலையை முடித்தாகிவிட்டது. நடைவழியில் நாற்காலி போட்டு நான் காவல். மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பதற்றத்தில் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தார். நான்காவது சொம்பில் நான் எச்சரித்தேன். "என் உடம்பு எனக்குத் தெரியும்" என்றார்.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. மேற்பார்வை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் இரவல் நான் பேச ஆரம்பித்தது.

"நல்லா இருக்கேம்பா. சாப்பிட்டாச்சு. மாடிப்படி ஏறறதுதான் கஷ்டமா இருக்கு. முழங்கால்."

யாரோ ஒரு வயதான அம்மா, வெளியூரில் இருக்கும் மகனோடு பேசுகிறார் என்று புரிந்தது. கேட்கக் கூடாதுதான். காதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

மாமா என் முன்னால் வந்து நின்றார். முகம் இறுகியிருந்தது. "முடியலடா."

"மாமா, இன்னும் பதினெட்டு நிமிஷம்."

"பதினெட்டு செகண்டு கூட முடியாது. ஊர்ந்து போறேன்." ஐம்பத்து மூன்று வயது மனிதர் நாலு காலில் குளியலறைக்குள் போனார்.

உள்ளே அக்காவின் குரல்: "வீட்டைப் பூட்டிட்டு உங்கூட வந்துடணுமா? ஒரேயடியாவா?"

அதன் பிறகு சத்தமில்லை.

டொக் என்று மேசை தட்டப்பட்டது.

"மாமா, குனிங்க!" என்று தொண்டைக்குள்ளேயே கத்தினேன்.

"குனிஞ்சுதாண்டா இருக்கேன்!"

டொக்.

"இன்னும் குனிங்க!"

"இதுக்கு மேல குனிஞ்சா தரைக்குள்ளதான் போகணும்!"

"அப்ப படுங்க!"

ஈரத் தரையில் மாமா மல்லாந்து விழுந்த சத்தம் கேட்டது. "படுத்துட்டேன். அஞ்சு விளக்கும் எரியுதுடா. அஞ்சும் எரியுது!" என்றார் தரையிலிருந்து.

அஞ்சும் எரிகிறது என்றால் படம் ஏன் நிற்கிறது? அக்காவின் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். மூன்றாவது தட்டு வரவில்லை. பதிலாக அக்காவின் குரல் வந்தது. இது இரவல் குரல் இல்லை.

"மொழிபெயர்ப்பாளர் பேசறேன். லைன் நிக்கல. அவங்க பின்னாடி ஜன்னல் திரை காத்துல ஆடுது. கையைத் தூக்கினாங்க. இன்னும் திருப்பவும் இல்ல, இறக்கவும் இல்ல. உங்க அம்மா யோசிக்கிறாங்க. காத்திருங்க."

காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கும் மேல். என் ஆயுளில் நான் பிரேக் போடாமல் இருந்த மிக நீளமான நிமிடம் அதுதான்.

பிறகு இரவல் நான் திரும்பி வந்தது. "வேண்டாம்பா. நீ வா. பத்து நாள் லீவு போட்டுட்டு வா. நான் கையால பேசறதை நீ கத்துக்கவே இல்ல. உன் வீட்டுல நான் யார்கிட்ட பேசுவேன்? கத்துக்கோ. அப்புறம் கூப்பிடு, வரேன்."

பத்தரைக்கு மேற்பார்வை அம்மா, லைன் தேறிவிட்டது, வேலையில் தொடரலாம் என்று சொன்னாராம். அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் கைதட்டினேன். மாமா முதுகெல்லாம் ஈரமாக நின்று, "பார்த்தியா, நான் படுத்த படுக்கையிலதான் உன் வேலை நிலைச்சுது" என்றார். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"தேறிட்டியே, அப்புறம் ஏன்கா அழறே?" என்றேன்.

"பழைய லைனா இருந்தா நான் காத்திருக்க மாட்டேன்டா. படம் நின்னுடுச்சுன்னு நெனச்சு, 'சரிப்பா, வரேன்'னு அந்தம்மாவுக்காக நானே சொல்லியிருப்பேன். அவங்க வீட்டைப் பூட்டியிருப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல நின்ன கை எல்லாம் லைனால நின்னதுன்னுதான் நெனச்சேன். எத்தனை பேர் நிஜமாவே யோசிச்சுக்கிட்டிருந்தாங்களோ."

மாமா ஈரச் சட்டையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாதக் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இணைப்பு வேகமான பிறகு உங்கள் அழைப்புகள் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கின்றன, காரணம் தெரிவிக்கவும் என்று மேற்பார்வை அம்மா கேட்டிருந்தார். அக்கா ஒரே வரியில் பதில் எழுதினாள்: 'இப்போது அவர்கள் யோசிப்பது எனக்குத் தெரிகிறது.'