இரண்டு ஸ்வெட்டரும் ஐந்தாம் வகுப்பும்

மகள் தாரணி பாட நேரத்தில் அடிக்கடி கழிவறைக்குப் போகிறாள் என்று வகுப்பு ஆசிரியை சொன்னபோது நான் சிரித்தேன். குன்னூரில் ஜூலை மாதம் யார்தான் போவதில்லை? மெலிந்தாள், உயரமாகிறாள் என்றேன். ஓயாமல் தண்ணீர் குடித்தாள். நல்ல பழக்கம் என்றேன். ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் தொழில். ஒரு மிடறை நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, இலை எந்த நிலையில் கெட்டது என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் ஒரு பிள்ளை வாடியது தெரியவில்லை.

மூன்றாவது வாரம், வாந்தியும் மூச்சிரைப்புமாக அவளைக் கோயம்புத்தூர் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவது, இனிப்பு தின்றதால் வருவதல்ல) என்றார்கள்.

“நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா டாக்டர்?” என்று என் மனைவி மேகலா கேட்டாள்.

“யாரும் பண்ணலைங்க. தினமும் ஊசி போடணும், விரல்ல குத்திப் பாக்கணும். அது கைக்கு வந்துட்டா இவளும் மத்த புள்ளைங்க மாதிரிதான்” என்றார் அந்த டாக்டரம்மா.

மேகலா அதை நம்பினாள். நான் புத்தகங்களை நம்பினேன். வீடு திரும்பிய பத்து நாளில் நோய் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நிலைக்கு வந்தேன்.

பதினோராம் நாள் மாலை தாரணி நடுங்கினாள். வெளியே நல்ல பனி. ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்றை மாட்டி, குரங்குக் குல்லாயும் போட்டுவிட்டேன். மேகலா வந்து குல்லாய்க்குள் கையை விட்டாள்.

“ஏனுங்க, குளிர்ற புள்ளைக்கு கழுத்து வேர்க்குமாங்க?”

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்குவது). அதற்கு நடுக்கம் ஒரு அடையாளம் என்று என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் பிள்ளை, “அப்பா, மூச்சு முட்டுது, கழட்டுங்க” என்றாள்.

மலையில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை நடுங்கினால் ஸ்வெட்டரைத் தேடாதீர்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

அந்தப் பயத்தோடுதான் அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினேன். அனுப்பினேன் என்பது பொய்; கூடவே போனேன். ஆசிரியைக்குப் பதினொரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் உரை நிகழ்த்தினேன். பிறகு நான்கு நாள் லீவு போட்டு வராந்தா பெஞ்சில் காவல் இருந்தேன். சத்துணவு அம்மா என்னைப் புது வாட்ச்மேன் என்று நினைத்துக் குடத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

நான்காம் நாள் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். டாஃபி டப்பா பெஞ்ச் பெஞ்சாக வந்து, தாரணியை மட்டும் தாண்டிப் போனது. ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், “நாளைக்கு நீங்க வந்தா நான் போகமாட்டேன்” என்றாள்.

“ஏன் கண்ணு?”

“என்னைத் தொட்டாலே மயங்கி விழுவேன்னு நெனைக்கறாங்கப்பா. நீங்க பேசுனது அப்படி.”

டாக்டருக்குப் போன் செய்தேன். “டாஃபி சாப்பிடலாம் சார், ஊசியோட அளவு பாத்து. நோய் அவளுது. வகுப்புக்கு அவளே சொல்லட்டும்” என்றார். இதை விட நாசூக்காக ஒரு மனிதனை ஒதுங்கி உட்காரச் சொல்ல முடியாது.

மறுநாள் ஆசிரியை அவளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார். இன்சுலின் போடும் ஊசிப் பேனாவைக் காட்டினாளாம். வலிக்குமா என்று கேட்டதற்கு, “எறும்பு கடிக்கறதுல பாதி” என்றாளாம். பக்கத்து இருக்கை ரெஜினா, “உனக்குச் சர்க்கரை கம்மியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றிருக்கிறாள். வேர்க்கும் என்று இவள் சொல்லவே, உடனே கையைப் பிடித்துப் பார்த்தாளாம். இந்தக் குளிரில் எந்தப் பிள்ளைக்கும் உள்ளங்கை ஈரமாக இருக்காது. அன்றிலிருந்து மணி அடிக்கும்போதெல்லாம் இருவரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள், ஏதோ ஒப்பந்தம் முடிந்தவர்களைப் போல. என் பதினொரு பக்கத்தில் இது இல்லை.

நான் அலுவலகம் போனேன். போனேனே தவிர, இடைவேளைக்கு முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் வயிற்றுக்குள் ஒன்று தானாகச் சுருங்கும். அவள் உடம்பின் நேரத்தை என் உடம்பு வைத்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, சர்க்கரை அளவு குறிக்கும் அவளுடைய நோட்டைப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில், 11.10: அறுபத்தொன்று, குளுக்கோஸ். 11.25: தொண்ணூற்று நான்கு. கீழே, ரெண்டு பிஸ்கட்.

“தாரணி, அறுபத்தொண்ணா! டீச்சர்கிட்ட எனக்குப் போன் பண்ணச் சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்க.”

“வராம இருப்பனா?”

“கணக்குப் பரீட்சைப்பா. உங்களைச் சமாதானப்படுத்த நேரமில்லை.”

உள்ளே மேகலா சிரிப்பது கேட்டது.

பதினொன்று பத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். வரிசையாகக் கோப்பைகளை வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தேன். வயிறு சுருங்கவில்லை. ஒரு நல்ல தேநீரைத் துப்ப மனமில்லாமல் விழுங்கியதுகூட நினைவிருக்கிறது. அந்தக் கால் மணி நேரம் எனக்குத் தெரியாமலே அவளுக்கு நடந்து, முடிந்து, பரீட்சையும் எழுதப்பட்டுவிட்டது.